உத்திக்குப் பின்னால் இருந்த இக்கட்டு: மாணவர் ஆவணப்படங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

மாணவர்கள் எடுக்கும் ஆவணப்படங்களைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைப் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல ஆவணப்படங்களைப் பார்க்கிறோம், வியக்கிறோம், ஆனால் அவற்றிலிருந்து நம் படத்துக்கு எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்பதே அந்தக் கவலை. அதையொட்டிய ஏழு கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு முதியவரைப் பற்றி இறுதியாண்டுத் திட்டத்துக்காகப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம். படப்பிடிப்புக்கு முன்னால் மூன்று ஆவணப்படங்களின் உத்திகளை ஆராய்ந்து, அவை எங்கள் படத்துக்கு எப்படிப் பயன்படும் என்று எழுதச் சொன்னார் எங்கள் ஆசிரியர். "கேமரா கோணங்கள் சிறப்பு, இசை மனத்தை உருக்குகிறது" என்றெல்லாம் எழுதிக் கொடுத்தோம். "இது பாராட்டு, ஆய்வு எங்கே?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். அவர் எதை எதிர்பார்க்கிறார் ஐயா? – ஊடகவியல் மாணவி ஒருவர்

பதில்: உங்கள் ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. ஆவணப்படத்தில் நாம் காணும் ஒவ்வோர் உத்தியும், யாரோ ஒருவர் ஏதோ ஓர் இக்கட்டில் நின்றபோது கண்டுபிடித்த வழி. அந்த இக்கட்டு என்னவென்று தேடிக் கண்டுபிடிப்பதைத்தான் நான் ஆய்வு என்பேன். வழியை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டை மறந்துவிட்டால், அந்த உத்தி உங்கள் படத்தில் ஒட்டாமல் தனியே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ழான் ரூஷும் எட்கார் மோரனும் சேர்ந்து இயக்கி 1961இல் வெளிவந்த 'க்ரானிக்கிள் ஆஃப் எ சம்மர்' படத்தில், நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட மார்சலின் என்ற இளம்பெண் பாரிஸ் நகரத்தில் தனியே நடந்து போகிறார். நடந்தபடியே, முகாமில் தாம் பறிகொடுத்த தந்தையை நினைத்துத் தமக்குத் தாமே பேசிக்கொள்கிறார். ஒலிப்பதிவுக் கருவி அவரிடமே இருக்கிறது, கேமராவோ ஒரு காரில் இருந்தபடி அவரை விட்டு விலகிக்கொண்டே போகிறது. உருவம் சிறுத்துச் சிறுத்துத் தொலைவில் கரைய, குரல் மட்டும் நம் காதருகிலேயே ஒலிக்கிறது. இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "தூரக் காட்சி தனிமையை உணர்த்துகிறது" என்று எழுதினால் அது பாதி வேலைதான். இயக்குநர்கள் முன் நின்ற சிக்கல் என்ன என்று கேளுங்கள். எதிரே ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டும், சுற்றி நான்கு பேர் விளக்கும் மைக்கும் பிடித்துக்கொண்டும் நிற்கும்போது, ஒரு மகள் இறந்துபோன தந்தையோடு பேச முடியுமா? அதனால் கேட்பவர் விலகிக்கொண்டார், கருவி பேசுபவரின் கைக்கே போனது. எடுத்துச் செல்லத்தக்க எடையில் ஒலிப்பதிவுக் கருவிகள் அப்போது வந்திருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று என்பதும் உங்கள் ஆய்வில் இடம்பெற வேண்டிய செய்தி.

இதிலிருந்து உங்கள் படத்துக்கு எதைக் கொண்டுவருவீர்கள்? காரிலிருந்து பின்னோக்கி நகரும் ஷாட் உங்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் "எங்கள் முன்னால் இவரால் இதைச் சொல்ல முடியாது" என்ற சிக்கல் உங்களுக்கும் வரலாம். அப்போது அந்த முதியவரின் சட்டையில் மைக்கைப் பொருத்தி, எதைப் பற்றிப் பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் ஐவரும் கடைக்கு வெளியே போய் நின்றுகொள்ளலாம்.

கிளாட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் 'ஷோவா' படத்தில் வேறொரு வழி தெரிகிறது. நச்சுவாயு அறைக்குள் அனுப்பப்படவிருந்த பெண்களின் தலைமுடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஆபிரகாம் போம்பாவை, ஒரு முடிதிருத்தகத்தில், ஒருவருக்கு முடி திருத்திக்கொண்டே பேச வைக்கிறார் லான்ஸ்மன். கை பழகிய வேலையில் ஈடுபடும்போது, வார்த்தைகள் மறைத்து வைத்திருந்ததை உடல் நினைவுக்குக் கொண்டுவருகிறது. உங்கள் முதியவரும் கைவேலைக்காரர் என்பதால் இந்த வழி உங்களுக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு இடுக்கியால் பல்சக்கரத்தைத் தூக்கும் ஒருவரிடம் அந்தக் கணத்தில் கேள்வி கேட்கக் கூடாது. திருகாணிகளைத் துடைத்து அடுக்கும்போதும், வேலை முடிந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போதும் கேட்கலாம். எந்த வேலையின்போது அவர் இயல்பாகப் பேசுகிறார் என்பதைக் கேமரா இல்லாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனித்தால்தான் உங்களுக்குத் தெரியும். அதே காட்சியில் போம்பா பேச முடியாமல் நின்றுவிடும்போதும், தொடர்ந்து பேசும்படி லான்ஸ்மன் அவரை வற்புறுத்துகிறார். அது சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. உத்தியின் பயனோடு அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதுங்கள்.

செய்முறை எளிது. முழுப்படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரும் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதலில் ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடுத்து, திரையை மறைத்துக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறை ஷாட் ஷாட்டாக நிறுத்தி, எத்தனை வினாடி, என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, இதற்கு முன் தெரியாத எது இப்போது தெரியவருகிறது என்று கட்டம் போட்டு எழுதுங்கள். கடைசியாக ஒரு கட்டம் சேர்த்து, இந்த ஷாட்டை எடுக்க எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கருவி, யாருடைய அனுமதி தேவைப்பட்டிருக்கும் என்று எழுதுங்கள். பெரும்பாலான மாணவர்கள் விட்டுவிடும் இந்தக் கடைசிக் கட்டம்தான் பார்வையாளரைப் படம் எடுப்பவராக மாற்றுகிறது. அறிக்கையில் ஒவ்வொரு பத்தியும் அந்தப் படத்தின் சிக்கலில் தொடங்கி, அதற்கு அவர்கள் கண்ட வழியைச் சொல்லி, உங்கள் படத்தில் அதே சிக்கல் எங்கே வருகிறது, உங்களிடம் இருப்பதைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதில் முடியட்டும். படப்பிடிப்பு முடிந்த பிறகு, திட்டமிட்டதில் எது மாறியது, ஏன் மாறியது என்றும் அதே அறிக்கையில் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஆவணப்படங்களில் ஆறு முறைகள் உண்டு என்று பாடத்தில் படித்தோம். எங்கள் படத்துக்கு அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? – இளங்கலை மாணவர் ஒருவர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ஆவணப்பட ஆய்வாளர் பில் நிக்கோல்ஸ் வகுத்த பிரிவுகள். 1991இல் வெளிவந்த நூலில் அவர் நான்கு முறைகளைச் சொன்னார். 2001இல் வெளிவந்த நூலில் விளக்கும் முறை, கவித்துவ முறை, அவதானிக்கும் முறை, பங்கேற்கும் முறை, தன்னையே சுட்டிக்காட்டும் முறை, நிகழ்த்தும் முறை என அவை ஆறாக விரிந்தன. பார்த்த படத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுவதற்கு இந்தப் பெயர்கள் மிகவும் உதவும். ஆனால் எடுக்கப்போகும் படத்துக்கு முன்கூட்டியே ஒரு பெயரை ஒட்டிவிட்டு, அதற்குள் அடங்காத நல்ல காட்சிகளைத் தவறவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். நிக்கோல்ஸே ஒரு படத்துக்குள் பல முறைகள் கலந்து வரும் என்றுதான் சொல்கிறார். முறையைத் தேடுவதை விட்டுவிட்டு, "படம் எடுக்கும் நாங்கள் இதில் எங்கே நிற்கிறோம்? மறைந்து நிற்கிறோமா, கேள்வி கேட்பவர்களாகத் தெரிகிறோமா, எங்கள் கதையையே சொல்கிறோமா?" என்ற கேள்விக்கு உங்கள் குழு ஒருமித்த விடை காணட்டும்.

கேள்வி: பின்னணிக் குரல் பழைய பாணி, அதைத் தவிர்த்துவிடுங்கள் என்கிறார் ஒரு பேராசிரியர். பின்னணிக் குரல் இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? – முதுகலை மாணவர் ஒருவர்

பதில்: இருவரையும் ஒதுக்கி வைத்துவிட்டு, க்ரிஸ் மார்க்கர் 1950களின் இறுதியில் எடுத்த 'லெட்டர் ஃப்ரம் சைபீரியா' படத்தில் ஒரு பகுதியைப் பாருங்கள். யாகுட்ஸ்க் நகரத்துத் தெரு, ஒரு பேருந்து, சாலை போடும் தொழிலாளர்கள், கேமராவைக் கடந்து போகும் ஒரு மனிதர் என்று ஒரு சிறிய காட்சித்தொகுப்பு வருகிறது. அதே காட்சிகள் மீண்டும் மீண்டும் காட்டப்பட, குரல் மட்டும் மாறுகிறது. ஒருமுறை சோவியத் நாட்டைப் புகழ்கிறது, ஒருமுறை இகழ்கிறது, ஒருமுறை நடுநிலையில் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு பேசுகிறது. ஒரு ஷாட்கூட மாறவில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் வேறு நகரத்தைப் பார்த்ததுபோல இருக்கிறது. பின்னணிக் குரலுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதையும், அதனாலேயே அதை எவ்வளவு அச்சத்தோடு கையாள வேண்டும் என்பதையும் இதைவிடச் சுருக்கமாக விளக்கும் காட்சி என் நினைவில் இல்லை.

எப்போது குரல் தேவைப்படும் என்பதற்கு அலென் ரெனே 1950களின் நடுவில் எடுத்த, அரை மணி நேரமே ஓடும் 'நைட் அண்ட் ஃபாக்' படத்தைப் பாருங்கள். போர் முடிந்து பத்தாண்டுகள் ஆன பிறகு, வதைமுகாம்கள் இருந்த இடத்தில் கேமரா மெதுவாக நகர்கிறது. வண்ணத்தில் தெரிவதெல்லாம் புல் முளைத்த நிலமும் வெறிச்சோடிய கட்டடங்களும் மட்டுமே. அங்கே நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் ரெனே முன் நின்ற சிக்கல். எனவே பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும், ழான் கெய்ரோல் எழுதிய உரையும் அந்த நிலத்தோடு சேர்கின்றன. கெய்ரோல் வதைமுகாமில் அடைபட்டு மீண்டவர். காண முடியாததைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்வதற்கு உரிமையுள்ள ஒருவரின் சொற்கள் வருகின்றன.

உங்கள் உரைக்கும் இந்த இரண்டு சோதனைகளை வையுங்கள். எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது ஏற்கெனவே திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அடுத்து, இதை யார் சொல்கிறார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். "பல ஆண்டுகளாக இவர் துயரத்தில் வாடுகிறார்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் முழங்குவதைவிட, "நாங்கள் மூன்று முறை போனோம், மூன்று முறையும் இவர் பேச மறுத்தார்" என்று உங்கள் குழுவில் ஒருவர் தம் குரலில் சொல்வது நம்பத்தக்கது. மார்க்கர் செய்ததை ஒரு பயிற்சியாகவும் செய்து பார்க்கலாம். நீங்கள் எடுத்த ஒரு நிமிடக் காட்சிக்கு மூன்று விதமான உரை எழுதி, மூன்றையும் படித்துப் பதிவு செய்து கேளுங்கள். மூன்றும் ஒரே அளவுக்குப் பொருந்துகின்றன என்றால், உங்கள் காட்சிகள் இன்னும் தாமாக எதையும் சொல்லத் தொடங்கவில்லை என்று பொருள். அப்போது உரையைத் திருத்திப் பயனில்லை. மீண்டும் போய்ப் படம் எடுக்க வேண்டும்.

கேள்வி: ஃபிரெடெரிக் வைஸ்மன் படங்களைப் பார்த்து ஈர்க்கப்பட்டு, நாங்களும் நூலகம் ஒன்றில் முக்காலியில் கேமராவை வைத்து இரண்டு மணி நேரம் பதிவு செய்தோம். ஒன்றுமே நடக்கவில்லை. எங்கே தவறு செய்தோம்? – மாணவர் குழு ஒன்று

பதில்: கேமராவை வைத்துவிட்டுக் காத்திருப்பது வைஸ்மனின் முறை என்று நினைத்ததுதான் தவறு. 1968இல் வெளிவந்த அவருடைய 'ஹைஸ்கூல்' படத்தில் பின்னணிக் குரல் இல்லை, நேர்காணலும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, அவர் எதுவுமே செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் வைஸ்மன் ஒலிப்பதிவைத் தாமே கவனித்துக்கொண்டு, பேச்சு எங்கே கூர்மையாகிறதோ அங்கே மைக்கைக் கொண்டுபோய், ஒளிப்பதிவாளரைச் சைகையால் வழிநடத்துவார். படத்தில் வருவதைப்போலப் பல மடங்கு காட்சிகளைப் பதிவு செய்துவிட்டு, பல மாதங்கள் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்து, எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வந்தால் என்ன பொருள் பிறக்கிறது என்று தேடுவார். அவருடைய கருத்து முழுவதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

உங்களுக்கு மாதங்கள் இல்லை, மூன்று அல்லது நான்கு நாள்கள்தான் இருக்கும். ஆகவே அந்த நாள்களுக்குள் தானாகத் தொடங்கித் தானாக முடியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ராபர்ட் ட்ரூவும் அவர் குழுவினரும் 1960இல் 'ப்ரைமரி' படத்தை எடுத்தபோது, விஸ்கான்சின் மாநிலத்தில் கென்னடிக்கும் ஹம்ஃப்ரிக்கும் இடையே நடந்த உட்கட்சித் தேர்தலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நாள் வந்தால் முடிவு தெரிந்துவிடும் என்பதால், கதையை வளைக்காமலேயே படத்துக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது. நூலகத்திலும் அப்படி ஒன்று இருக்கும். தேர்வுக்கு முந்தைய நாள், பழைய நூல்களைக் கழித்துக் கட்டும் நாள், புதிதாக ஒருவர் வேலையில் சேரும் முதல் நாள் போன்றவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே யாருக்காவது ஏதாவது ஒன்று முடிய வேண்டியிருக்கும், அது முடியுமா முடியாதா என்ற ஐயமும் இருக்கும்.

இன்னொன்று, ஒலியைக் காதில் கேட்டுக்கொண்டே படம் எடுங்கள். ஹெட்போன் அணிந்த ஒருவர் ஒளிப்பதிவாளரின் தோளைத் தொட்டு "அந்தப் பக்கம்" என்று காட்டினால், அடுத்த மேசையில் இருவர் தாழ்ந்த குரலில் வாதிடுவது உங்கள் படத்துக்குள் வந்துவிடும். முக்காலியில் நின்ற கேமராவுக்கு அது கேட்டிருக்காது.

கேள்வி: எங்களிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. பெரிய படங்களின் உத்திகளை ஆராய்வதால் எங்களுக்கு என்ன பயன்? – பள்ளி மாணவி ஒருவர்

பதில்: ஆக்னஸ் வர்தா 2000ஆம் ஆண்டில் 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ' படத்தை எடுத்தபோது, உள்ளங்கையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமராவையும் பயன்படுத்தினார். ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, முதுமையால் சுருங்கிய தம் இன்னொரு கையையே படம் பிடித்தார். பெரிய கேமராவையும் குழுவையும் வைத்துக்கொண்டு அவ்வளவு நெருக்கமாக ஒருவர் தம்மையே பார்த்துக்கொள்வது கடினம். நிறுத்த மறந்துவிட்ட கேமராவின் முன்னால் லென்ஸ் மூடி தொங்கி ஆடிக்கொண்டிருந்ததைக்கூட அவர் தூக்கி எறியாமல், இசை சேர்த்துப் படத்தில் வைத்துக்கொண்டார். சிறிய கருவி எங்கே நுழைய முடியும், பெரிய கருவி எங்கே நுழைய முடியாது என்று யோசியுங்கள். உங்கள் கைப்பேசிக்கான உத்தி அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஒலியில் மட்டும் சமரசம் வேண்டாம். ஆடும் படத்தைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், தெளிவில்லாத பேச்சைப் பொறுத்துக்கொள்வதில்லை. இன்னொரு கைப்பேசியை இரவல் வாங்கி, அதில் காலர் மைக்கைச் செருகிப் பேசுபவரின் சட்டைப்பையில் வையுங்கள். தொடங்கும்போது கேமராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டினால், படத்தொகுப்பின்போது இரண்டு பதிவுகளையும் பொருத்துவது எளிது. நேர்காணல் முடிந்ததும் யாரும் அசையாமல் முப்பது வினாடி அந்த அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டிய பேச்சுகளுக்கு இடையே திடீர் அமைதி விழாமல் நிரப்ப அது வேண்டியிருக்கும். என் முதல் படத்தில் அதைச் செய்யாமல் விட்டதால், மிக நல்ல ஒரு பதிலைப் படத்தில் வைக்க முடியாமல் போனது.

கேள்வி: என் பாட்டி சிறுவயதில் வெள்ளத்தில் தப்பிய கதையை ஆவணப்படமாக எடுக்க விரும்புகிறேன். அப்போதைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. நடிகர்களை வைத்து அந்த நிகழ்ச்சியை மீண்டும் எடுத்தால் அது ஆவணப்படம் ஆகுமா? – இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்

பதில்: நடந்ததை மீண்டும் நடத்திப் படமெடுக்கும் மறுநிகழ்வு, ஆவணப்படத்தோடு கூடவே பிறந்த பழக்கம். ராபர்ட் ஃபிளாஹெர்டி வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களைப் பற்றி எடுத்து 1922இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தில், பனிவீட்டுக்குள் கேமராவுக்குப் போதிய இடமும் வெளிச்சமும் இல்லாததால், வழக்கத்தைவிடப் பெரிதாக, ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டச் செய்தார். நானூக்காக வந்தவரின் உண்மையான பெயர் அல்லகரியல்லாக். துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், பழைய முறையில் ஈட்டிகொண்டு வேட்டையாட வைத்துப் படமெடுத்தார். 1936இல் வந்த 'நைட் மெயில்' படத்தில், ஓடும் ரயிலுக்குள் கடிதங்களைப் பிரிக்கும் காட்சி ஸ்டுடியோவில் போட்ட அரங்கில் எடுக்கப்பட்டது. ரயில் ஓடுவதுபோலத் தோன்றுவதற்காக ஊழியர்களை இலேசாக ஆடியபடி வேலை செய்யச் சொன்னார்கள். ஆனால் அங்கே இருந்தவர்கள் உண்மையான அஞ்சல் ஊழியர்கள், செய்தது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. இந்த இரண்டு மறுநிகழ்வுகளும் ஒரே தரத்தவை என்று என்னால் சொல்ல முடியாது. 'நைட் மெயில்' கருவியின் குறையை ஈடுகட்டியது. 'நானூக்' அந்த மக்கள் எந்தக் காலத்தில் வாழ்ந்தார்கள் என்பதையே மாற்றிக் காட்டியது.

எரால் மோரிஸ் 1988இல் வெளியிட்ட 'தி தின் ப்ளூ லைன்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட இரவை, ஒவ்வொரு சாட்சியும் சொன்னபடி திரும்பத் திரும்ப நடத்திக் காட்டுகிறார் மோரிஸ். ஒவ்வொரு முறையும் விவரம் மாறுகிறது. இதுதான் நடந்தது என்று எந்தக் காட்சியும் சாதிப்பதில்லை. சாட்சிகள் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை நாமே கண்ணால் காண்கிறோம். அந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்றிருந்த ராண்டல் ஆடம்ஸ் 1989இல் விடுதலையானார்.

உங்கள் பாட்டியின் நினைவிலும் இப்படிப்பட்ட மடிப்புகள் இருக்கும். ஒருமுறை கழுத்தளவு தண்ணீர் என்பார், இன்னொருமுறை இடுப்பளவு என்பார். நடிகர்களை வைத்து ஒரே ஒரு வெள்ளத்தை எடுத்துவிட்டால், அந்தத் தடுமாற்றம் அழிந்து, உங்கள் கற்பனைதான் நடந்ததுபோல நின்றுவிடும். மறுநிகழ்வு தேவையென்றால், அது மறுநிகழ்வு என்று பார்ப்பவருக்குப் படத்துக்குள்ளேயே தெரியும்படி செய்யுங்கள். முகங்களைக் காட்டாமல், தண்ணீரில் நிற்கும் கால்களையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த ஒரு மூட்டையையும் மட்டும் காட்டலாம். பாட்டியையே ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்லி, தண்ணீர் எந்த வாசல் வழியாக வந்தது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். என் விருப்பம் அந்த விரல்தான். நடிகர் எவரும் அதற்கு ஈடாக மாட்டார்.

வேறோர் ஊரின் பழைய வெள்ளக் காட்சியைத் தேடியெடுத்து ஒட்டும் எண்ணம் வந்தால், அதற்கு முன் ஏ.கே. செட்டியாரின் உழைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 1940இல் வெளிவந்த காந்தி ஆவணப்படத்துக்காக அவர் நாடு நாடாகப் பயணம் செய்து, பலர் பல காலங்களில் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். பிறர் எடுத்த காட்சியைப் பயன்படுத்துகிறவர், அதை யார், எங்கே, எப்போது, எதற்காக எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். அந்த நான்குக்கும் விடை தெரியாத காட்சியை உங்கள் பாட்டியின் குரலுக்கு அடியில் வைக்காதீர்கள்.

கேள்வி: நேர்காணலின்போது ஒருவர் தம் மகனைப் பற்றிப் பேசி அழுதுவிட்டார். எங்கள் படத்தின் மிக வலுவான காட்சி அதுதான். இப்போது அதை நீக்கிவிடும்படி கேட்கிறார். ஒப்புதல் படிவத்தில் அவர் கையொப்பம் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா? – திட்டக் குழுவின் இயக்குநர்

பதில்: நீக்கிவிடுங்கள். அந்தக் கையொப்பம், எது நடக்கும் என்று அவருக்கே தெரியாத நேரத்தில் போட்டது. அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் தாம் பொதுவெளியில் சொன்னதை மறைக்கக் கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன். தம் துயரத்தைத் திருப்பிக் கேட்கும் ஒரு தந்தைக்கு அதைக் கொடுத்துவிடத்தான் வேண்டும்.

வலுவான காட்சி போய்விடுமே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அதற்கும் முன்னோடிகள் வழி வைத்திருக்கிறார்கள். வெர்னர் ஹெர்சாக் 2005இல் வெளியிட்ட 'க்ரிஸ்லி மேன்' படத்தில், கரடியால் கொல்லப்பட்ட இருவரின் இறுதிக் கணங்கள் பதிவான ஒலிநாடா ஒன்று வருகிறது. அதை ஹெர்சாக் ஹெட்போனில் கேட்கிறார், நமக்குக் கேட்பதில்லை. கேமரா அவர் முதுகுப்புறமிருந்து, எதிரே அமர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்தைக் காட்டுகிறது. இறந்தவர்களின் மானத்தைக் காக்க வேண்டும், அந்த ஒலிநாடா இருப்பதையும் மறைக்கக் கூடாது என்ற இரட்டைச் சிக்கலுக்கு அவர் கண்ட வழி அது. நீங்களும் அந்தத் தந்தையின் அனுமதியோடு, அழுகைக்கு முந்தைய கேள்வியையும், அதன் பின் அவர் எழுந்துபோன காலி நாற்காலியையும் வைக்கலாம். அதற்கும் அவர் சம்மதிக்காவிட்டால் அதையும் விட்டுவிட வேண்டும்.

ஆனந்த் பட்வர்தன் 1985இல் முடித்த 'பம்பாய் அவர் சிட்டி' படத்தில், குடிசைகள் இடிக்கப்பட்ட இடத்தில் ஒரு பெண், ஏழைகளைப் படமெடுத்துப் பெயர் சம்பாதிக்க வந்தவர்கள்தானே நீங்கள் என்ற பொருளில் கேமராவைப் பார்த்தே கோபத்தோடு கேட்கிறார். அந்தக் குற்றச்சாட்டை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்தார் இயக்குநர். நம்மைச் சுடும் காட்சியை வைத்துக்கொள்வதும், பிறரைச் சுடும் காட்சியை விட்டுக்கொடுப்பதும் படத்தொகுப்பாளருக்கு ஒருசேர வேண்டிய பழக்கங்கள்.

அடுத்த படத்தில் இந்த நிலை வராமல் இருக்க, முதல் பதிலில் சொன்ன ரூஷ், மோரன் இருவரிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் தம் படத்தில் தோன்றியவர்களையே அழைத்து, எடுத்ததைத் திரையிட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன கருத்துகளையும் படம் பிடித்துச் சேர்த்தார்கள். நீங்கள் அதைப் படத்தில் சேர்க்க வேண்டியதில்லை. இறுதிப் படத்தொகுப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, இசை சேர்க்காத வடிவத்தை அந்தத் தந்தையின் வீட்டுக்கு எடுத்துப்போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் படத்தொகுப்பை அந்த இடங்களிலிருந்து தொடங்குங்கள்.